கூரை போடாத வீடு – 14: பொம்மைகள் ஊருக்குக் கிளம்பின

விடிந்துவிட்டது என்று கடிகாரம்தான் சொன்னது, ஜன்னல் சொல்லவில்லை. நவம்பர் கடைசியில், வடக்கே குளிர்நாட்டில் இருக்கும் எங்கள் தால்சி ஊரில் காலை எட்டு மணிக்கும் தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அன்று மழை வேறு.

பாலர் பள்ளியின் வாசல் அறையில் வினேதா டீச்சர் மண்டியிட்டு ஒரு பயலின் ரப்பர் பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். அது வருவேனா என்றது. அந்த நேரம் பார்த்து லாஸ்மா, மகள் எஸ்தெரேயின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்.

லாஸ்மா, வினேதாவுடைய தம்பி அய்கர்ஸின் மனைவி. தம்பி மகளுக்கே டீச்சராக வாய்த்ததை மற்றவர்கள் பெருமை என்பார்கள். வினேதாவுக்கு அது தீராத தலைவலி. போன வாரம் அய்கர்ஸின் பிறந்தநாள் மேஜையில் லாஸ்மா, "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு உங்க பள்ளிக்கூடத்துல மணல் கோட்டை கட்டறதைத் தவிர என்ன சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டாள். வினேதாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எங்க கோட்டையாவது அன்னிக்கே முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டாள்.

லாஸ்மா கேக் வெட்டும் முன்பே எழுந்து போய்விட்டாள்.

ஏனென்றால் அய்கர்ஸ் கட்டும் வீடு முடிகிற வீடாக இல்லை. எங்கள் ஊர் ஆண்கள் வீடு கட்ட ஆரம்பித்தால் முதலில் நீராவிக் குளியலுக்கான மரக்குடிலைத்தான் கட்டுவார்கள். வீடு எழும்பும் வரை அந்தக் குடிலிலேயே குடும்பம் நடக்கும். ஒரு கோடை, மிஞ்சினால் இரண்டு கோடை என்பது கணக்கு. எஸ்தெரே பிறந்து வந்ததே அந்தக் குடிலுக்குத்தான். வியர்க்க உட்காரும் மரப்பலகைதான் இன்றுவரை அவள் கட்டில். வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, ஜன்னலுக்கு ஓட்டை இருக்கிறது, கூரை மட்டும் இல்லை. இத்தனைக்கும் அய்கர்ஸ் தொழிலே கூரை போடுவது.

"இன்னைக்காவது உருப்படியா ஏதாவது சொல்லிக் குடுங்கக்கா," என்றாள் லாஸ்மா, மகளின் தொப்பியைக் கழற்றியபடி. "என்னடி பண்ணினேன்னு கேட்டா விளையாடினேன்கிறா. முந்தாநாள் கேட்டாலும் அதேதான்."

"விளையாடினா நல்லதுதானே லாஸ்மா."

"நல்லதுதான். எல்லாமே நல்லதுதான்."

வினேதா தொண்டையைச் செருமினாள். "போன வாரம் நான் பேசினது…"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா," என்று சொல்லிவிட்டு லாஸ்மா கிளம்பிவிட்டாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையை ஒன்பதுக்குத் திறக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கக்கூட இந்த ஊரில் பஸ் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வினேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓட்ஸ் கஞ்சி முடிந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பைன் மரக்காய் கைமாறிக்கொண்டே போகும். காய் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். இன்றைக்கு எங்கே விளையாடப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

"வீட்டு மூலை," என்றாள் எஸ்தெரே. "ஓத்தோவும் வரணும். எனக்கு அப்பா வேணும்."

ஓத்தோ கட்டை அடுக்கப் போவதாக இருந்தான். அப்பா வேலைக்கு ஆள் எடுத்ததும் ஒத்துக்கொண்டான்.

வினேதா எட்ட உட்கார்ந்து கவனித்தாள். அவள் வேலையில் பாதி இப்படி எட்ட உட்காருவதுதான். தட்டு எடுத்து வைக்கும்போது எண்ணிக்கை வரும். சண்டை போட்டுச் சமாதானம் ஆகும்போது பேச்சு வரும். நடுவே புகுந்து கெடுக்காமல் இருப்பதுதான் டீச்சருக்குக் கஷ்டம். உள்ளே போயே தீர வேண்டுமென்றால் கடைக்காரியாகவோ டாக்டராகவோ விளையாட்டுக்குள் ஓர் ஆளாகத்தான் போகலாம். நமக்கு என்ன தெரிய வேண்டும் என்பதைக் கேட்கப் போகக் கூடாது. புதிதாக வருகிற டீச்சர்களுக்கு வினேதாதான் இதைச் சொல்லித் தருவாள். கொஞ்சம் நீட்டி முழக்கியே சொல்வாள்.

எஸ்தெரே பெரிய கட்டைகளை வரிசையாக வைத்தாள்.

"இது நம்ம குடில். இது படுக்கறதுக்குப் பலகை. நீ வெளிய நில்லு ஓத்தோ. அங்க வீடு கட்டு."

ஓத்தோ மும்முரமாக அடுக்கினான். "கட்டிட்டேன்."

"முடிக்கக் கூடாது."

"ஏன்?"

"அப்பா முடிக்க மாட்டாரு. பிரிச்சுட்டு மறுபடியும் கட்டு."

வினேதாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

எஸ்தெரே ஒரு துணிப்பையை எடுத்தாள். பொம்மை, பொம்மையின் சட்டை, ஒரு கரண்டி, இரண்டு கோப்பை எல்லாவற்றையும் உள்ளே அடைத்தாள். வேகமாக, பழகின கையாக அடைத்தாள்.

"எங்க போறீங்க?" என்றான் ஓத்தோ.

"ப்ளேன்ல. தூரத்துக்கு. நானும் பாப்பாவும்."

"நானும் வரேன்."

"நீ வரலை. உனக்கு வேலை இருக்குல்ல. அப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"நான்தானே அப்பா. எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"அப்ப நீ காதைப் பொத்திக்க."

வினேதாவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இது இன்றைக்கு முளைத்த விளையாட்டு இல்லை. இந்த வாரம் முழுக்க எஸ்தெரே பை கட்டிக்கொண்டுதான் இருந்தாள். பயணம் பற்றிய ஆர்வம் என்று நினைத்து அலமாரியிலிருந்து நிஜமான சின்னப் பெட்டி ஒன்றை வினேதாவே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, எதிரே மேஜையை வைத்து உட்கார்ந்தாள்.

"டிக்கெட்டு, டிக்கெட்டு. யாருக்கு டிக்கெட்டு வேணும்?"

எஸ்தெரேயின் முகம் மலர்ந்தது. டீச்சர் விளையாட வந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது. "எங்களுக்கு வேணும்."

"எந்த ஊருக்கும்மா?"

"நார்வேக்கு."

"எத்தனை பேரு?"

"ரெண்டு. அம்மா, பொண்ணு."

"என்னைக்குப் போகணும்?"

"முதல் மெழுகுவத்தி ஏத்தறதுக்கு முன்னாடி."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஏற்றுவதில் முதல் மெழுகுவர்த்தி இந்த ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன்.

"திரும்பி வர்றதுக்கு டிக்கெட்டு வேண்டாமா? அம்மா என்ன சொன்னாங்க? அப்பாகிட்ட எப்பச் சொல்லப் போறாங்களாம்?"

எஸ்தெரே பையைக் கீழே வைத்தாள். வினேதாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பக் கேக்கறது அத்தையா, டீச்சரா?"

பள்ளியில் டீச்சர், வீட்டில் அத்தை. இந்த ஏற்பாட்டைச் செய்ததே வினேதாதான்.

"டிக்கெட் விக்கறவங்க," என்றாள்.

குழந்தைக்கு அது பொய் என்று தெரிந்தது. பொம்மையை எடுத்தாள், கரண்டியை எடுத்தாள், கோப்பைகளை எடுத்தாள், எல்லாவற்றையும் அலமாரியில் அதது இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"விளையாட்டு முடிஞ்சுடுச்சா?" என்றான் ஓத்தோ. அவன் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருந்தான்.

வினேதாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. லாஸ்மாமேல் அதைவிட அதிகமாக வந்தது. எல்லாரையும்விட, ஊரெல்லாம் கூரை போட்டுக்கொண்டு திரிகிற தம்பிமேல்தான் அடங்கவே மாட்டேன் என்றது.

மழையில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் நேரம் வந்தது. மழை என்பதற்காக எங்கள் பள்ளிகளில் யாரும் உள்ளே உட்காருவதில்லை. மழை உடுப்பு, அதன்மேல் பளபளக்கும் பட்டை, கையுறை என்று மாட்டி முடிப்பதற்குள் முதலில் மாட்டியவனுக்கு ஒன்றுக்கு வந்துவிடும். அன்றும் வந்தது. எல்லாரும் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தார்கள். தினமும் வினேதாவின் பக்கத்தில்தான் எஸ்தெரே நடப்பாள். இன்று கயிற்றின் கடைசிக்குப் போய்விட்டாள்.

"என்ன ஆச்சு அவளுக்கு?" என்றாள் உதவியாளர் பிருதா. வினேதா தாழ்ந்த குரலில் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. விளையாட்டில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் பிருதா. "கூடப் பொறந்தவன். உடனே போன் பண்ணிச் சொல்லுங்க. நானா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேன்."

"பிள்ளை விளையாடும்போது சொன்னது பிருதா."

"அதனால? வேலை போனாக்கூட வேற வேலை கிடைக்கும். தம்பி பொண்டாட்டி போனா?"

மதியம் முட்டைக்கோஸ் சூப்புக்குப் பிறகு பிள்ளைகள் கட்டிலில் படுத்தார்கள். திரைச்சீலை இழுத்தாகிவிட்டது. பிருதாவைக் காவலுக்கு வைத்துவிட்டு வினேதா நடைக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

"சொல்லுக்கா. கூரை மேல இருக்கேன்."

"யாரு கூரை?"

"பல் டாக்டர் வீடு. பாதி போட்டாச்சு."

"உன் வீட்டுக்கு எப்பப் போடப் போற?"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? வசந்தத்துல போட்டுடுவேன்."

"எந்த வசந்தம்?"

"வர்ற வசந்தம்தான். இதைக் கேக்கவா மழையில போன் எடுக்க வெச்ச?"

வினேதா கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லிவிடலாம். ஒரே வரி. சொன்னால் அவன் கூரையிலிருந்து இறங்கி நேரே மருந்துக்கடைக்குப் போவான், கத்துவான், காரியம் கெட்டுவிடும். சொல்லாவிட்டாலும் கெடும்.

"லாஸ்மா எப்படி இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. இப்பல்லாம் முன்ன மாதிரி கத்தறதே இல்லக்கா. வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கறதில்ல. பழகிட்டா போல. எனக்கும் நிம்மதி."

"கத்தாம இருந்தா பழகிட்டான்னு அர்த்தமாடா?"

"வேற என்ன அர்த்தம்?"

இவனை என்ன செய்வது. சின்ன வயதில் இவனுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக் கொடுக்கவே ஒரு கோடைக்காலம் ஆனது.

"சாயங்காலம் நீ வந்து எஸ்தெரேயைக் கூட்டிட்டுப் போ."

"நானா? அது லாஸ்மா வேலையில்ல?"

"நீ அவ அப்பன்தானே? வா. கொஞ்சம் பேசணும்."

அவன் முனகிக்கொண்டே சரி என்றான். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டால் ஏதாவது நடக்கும் என்று வினேதா நினைத்தாள். என்ன நடக்கும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் எழுந்ததும் கறுப்பு ரொட்டியில் செய்த இனிப்புக் கூழ், மேலே அடித்த க்ரீம். எஸ்தெரேக்கு உயிர். அன்று வினேதா தட்டை நீட்டியபோது, "பிருதா குடுக்கட்டும்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் வினேதாவுக்குத் தாங்கவில்லை.

ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. லாஸ்மாதான் முதலில் வந்தாள். வினேதா பிள்ளைகளைப் பிருதாவிடம் விட்டுவிட்டு வாசல் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நார்வேக்குப் போறியா?"

லாஸ்மாவின் கை கழுத்துத் துணியிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

வினேதாவின் பார்வை பிள்ளைகள் இருந்த உள் கதவுப் பக்கம் போனது.

"எஸ்தெரேகிட்டக் கேட்டீங்களா?"

"அவ விளையாடிக்கிட்டிருந்தா. நான் சும்மா பக்கத்துல…"

"கேட்டீங்களா, இல்லையா?"

"கேட்டேன்."

"நான் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுங்கன்னா விளையாட்டுல குறுக்கிடக் கூடாதும்பீங்க. உங்களுக்கு வேணும்னா மட்டும் என் பொண்ணை உக்காத்தி விசாரிப்பீங்க."

"விசாரிச்சது தப்புதான். அதை அப்புறம் திட்டு. ரெண்டு டிக்கெட்டுங்கறா லாஸ்மா. அவன்கிட்டச் சொல்லாமலே போயிடுவியா? அவ்வளவு கேவலமா போயிட்டானா என் தம்பி?"

லாஸ்மா பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால் முகவாய்க்கு வந்தது.

"மூணு டிக்கெட்டுக்கா."

"என்னது?"

"சனிக்கிழமை காலையில, மூணு பேருக்கு. பெர்கன்ல முதியோர் இல்லத்துல எனக்கு வேலை. அங்க கூரை வேலைக்கும் ஆள் தேடறாங்க, அதையும் விசாரிச்சுட்டேன். தங்க வீடு தர்றாங்க. கூரையோட."

"அப்ப ஏன் குழந்தை…"

"அவகிட்ட ரெண்டுன்னுதான் சொன்னேன். அப்பாவும் வருவாருன்னு நான் சொல்லி, உங்க தம்பி வசந்தத்துல வர்றேன்னுட்டா? அவ மூஞ்சியை அப்புறம் யாரு பாக்கறது?" லாஸ்மா மூக்கை உறிஞ்சினாள். "பிறந்தநாள் அன்னிக்கே கேட்டிருப்பேன். கேக் வெட்டினதும் கேக்கலாம்னு டிக்கெட்டைப் பையில வெச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்க கோட்டைக் கதை பேசிட்டீங்க."

வினேதாவுக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு பேச்சு பேசிவிட்டு ஒரு வாரம் அதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை விளையாடியதை வைத்து எல்லாம் தெரிந்துவிட்டதென்று இன்றைக்கும் துள்ளியிருக்கிறாள். பாதிதான் தெரிந்தது.

"இப்பக் கேளு," என்றாள். "அவன் வர்றான். நான்தான் வரச் சொன்னேன்."

"இங்கயா?"

"இங்கதான். எப்படியும் கேக்கணும்ல?"

லாஸ்மா யோசித்தாள். கைப்பையைத் திறந்து நான்காக மடித்த அய்கர்ஸின் டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். லேசாகச் சிரித்தாள். "சரி. இங்கயே கேக்கறேன். இங்கன்னா கத்த மாட்டாரு."

வாசல் கதவு திறந்தது. அய்கர்ஸ் நனைந்த கோழியாக வந்தான். உள் கதவைத் திறந்து பிருதா, "பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க," என்று அதட்டினாள். அவள் இடுப்பருகே எட்டிப் பார்த்த எஸ்தெரே, அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"நீயா வந்த?"

"நானேதான். வா, கோட்டு போட்டுக்க."

சுவரோரம் பிள்ளைகளின் மரப்பெட்டிகள் வரிசையாக இருந்தன. பெயர் கிடையாது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு? ஒவ்வொரு கதவிலும் ஒரு படம்தான். அய்கர்ஸ் அணில் படம் போட்ட கதவைத் திறந்து, ஒரு மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து மகளின் கையை அதற்குள் நுழைத்தான்.

"இது ஓத்தோவோடதுப்பா."

"அப்படியா?" காளான் படம் போட்டதைத் திறந்தான்.

"அதுவும் இல்ல."

"எத்தனை பெட்டி வெச்சிருக்காங்க இங்க," என்று சிரித்துக்கொண்டே அடுத்த கதவில் கை வைத்தான். எஸ்தெரே பொறுமையாக அவன் விரலைப் பிடித்து, வரிசையின் கடைசிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

"இதுதான் நான். முள்ளம்பன்றி. நான் வந்ததுலேந்து இதேதான்."

"அட, முள்ளம்பன்றியா. நல்லா இருக்கே." அவன் அவளுக்குக் கோட்டை மாட்டினான். பொத்தானை மாற்றிப் போட்டான். அவளே கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

வினேதா லாஸ்மாவைப் பார்த்தாள். இப்போது கேள், இப்போதே கேள் என்று கண்ணால் கெஞ்சினாள். லாஸ்மாவின் முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. வரிசையின் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை ஒரு முறை பார்த்தாள்.

"ஏதோ பேசணும்னியேக்கா," என்றான் அய்கர்ஸ். "என்ன விஷயம்?"

லாஸ்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. மழையா இருக்கு, நாங்க பஸ்ல போக வேண்டாம்னு உங்களை வரச் சொன்னாங்க."

"இதுக்குத்தானா? போன்லயே சொல்லியிருக்கலாமே." அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான். "கார் வாசல்லதான் நிக்குது. சீக்கிரம் வா லாஸ்மா."

கதவு சாத்திக்கொண்டது. லாஸ்மா கழுத்துத் துணியைச் சுற்றினாள், கையுறையை மாட்டினாள். பிறகு அந்த மடித்த தாளை வினேதாவின் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"லாஸ்மா, ஒரு பெட்டி தெரியலைன்னா… அவன் குணம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அதனாலதான்." அவள் கதவைத் திறந்தாள். மழைச் சத்தம் உள்ளே வந்தது. "எங்களுக்கு ரெண்டு போதும். இதைக் குடுக்கறதும் கிழிச்சுப் போடறதும் உங்க இஷ்டம். சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."